'த' போடணுமா, வேண்டாமா? ஆங்கிலத்தின் மிகச் சின்னச் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை வேளைகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகவிருக்கும் செவிலியர்கள், வங்கித் தேர்வு எழுதுபவர்கள், அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் எழுத அரை மணி நேரம் தயங்குபவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். வினைச்சொல்லின் காலங்களைக்கூடச் சில மாதங்களில் பிடித்துவிடுகிறார்கள். டி, எச், இ என்ற மூன்றே எழுத்தில் எழுதும் 'த' என்ற சொல் மட்டும் வருடக்கணக்கில் இழுக்கிறது. வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், இந்தச் சொல் கண்ணைவிடக் காதில்தான் சீக்கிரம் தங்கும். சில இடங்களில் 'த', சில இடங்களில் 'தி' என்று இருக்கும். இரண்டும் ஒரே சொல்தான். காரணத்தை உச்சரிப்புக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

'த' என்ற சொல்லுக்கு என்னதான் பொருள்?

"நான் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்." இவ்வளவுதான். பேசுபவர் கேட்பவருக்குக் காட்டும் ஒரு சாடை அது. 'த கீ' என்றால் 'எந்தச் சாவி என்று உனக்கே தெரியும்' என்று பொருள். 'அ கீ' என்றால் 'ஏதோ ஒரு சாவி, எது என்று நீ யோசிக்க வேண்டாம்'.

பள்ளியில் நமக்கு இதைத் தலைகீழாகச் சொல்லித்தந்தார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஆறுகளுக்கு முன் போடு, மலைத்தொடருக்கு முன் போடு, இசைக்கருவிக்கு முன் போடு என்று ஒரு பட்டியல். பட்டியல் தேவைதான். ஆனால் ஒரு நாளில் நாம் பேசும் பேச்சில் ஆறும் மலையும் எத்தனை தடவை வருகின்றன? கதவு, சாவி, பில், பஸ், மேனேஜர், சாப்பாடு இவைதான் வருகின்றன. அங்கெல்லாம் பட்டியல் உதவாது. 'எது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா?' என்ற கேள்விதான் உதவும்.

தமிழில் இப்படி ஒரு சொல்லே இல்லையே, நமக்கு எப்படி வரும்?

சொல் இல்லை. உணர்வு இருக்கிறது. இதை நம்ப மறுத்த ஒரு மாணவிக்காக ஒருநாள் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினேன்.

காபி குடிச்சியா?
காபியைக் குடிச்சியா?

"என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். "முதல்ல கேட்கிறது பொதுவா, சார். வீட்டுக்கு வந்தவங்ககிட்ட கேட்கிற மாதிரி. ரெண்டாவது, நான் போட்டு மேசை மேல வச்சேனே, அதைக் குடிச்சியான்னு கேட்கிறது." சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் முதலாவது 'டிட் யூ ஹாவ் காஃபி?' இரண்டாவது 'டிட் யூ டிரிங்க் த காஃபி?' இரண்டாம் வேற்றுமை உருபு 'ஐ' செய்கிற அதே வேலையை அங்கே 'த' செய்கிறது.

நாம் 'கதவு சாத்து' என்று சொல்வதில்லை. 'கதவைச் சாத்து' என்கிறோம். ஏனென்றால் எந்தக் கதவு என்று இருவருக்கும் தெரியும். 'க்ளோஸ் த டோர்.' 'புத்தகம் வாங்கப் போனேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கப் போனேன்' என்றால் முன்பே பேசிவைத்த புத்தகம்.

எழுவாய் இடத்தில் 'ஐ' வராதே, அங்கே என்ன செய்வது? அங்கே சொல்வரிசை வழிகாட்டும். 'வீட்டில் நாய் இருக்கிறது' என்பது புதுச் செய்தி; வாசலில் பலகை மாட்டலாம். 'தேர் இஸ் அ டாக் இன் த ஹௌஸ்.' 'நாய் வீட்டில் இருக்கிறது' என்றால் நமக்குத் தெரிந்த நாய், இப்போது வீட்டுக்குள் இருக்கிறது. 'த டாக் இஸ் இன் த ஹௌஸ்.' சொற்கள் அதே மூன்றுதான். நாயை முன்னால் கொண்டுவந்ததும் அது தெரிந்த நாயாகிவிட்டது.

ஆகவே நமக்கு இந்த வித்தியாசம் புதிதல்ல. நாள் முழுக்க யோசிக்காமலே செய்துகொண்டிருப்பதை ஆங்கிலத்தில் ஒரு தனிச் சொல்லாக எடுத்து வைக்கப் பழக வேண்டும், அவ்வளவே.

இந்த 'ஐ' சோதனை எப்போதும் பலிக்குமா?

இல்லை. மூன்று இடங்களில் ஏமாற்றும்.

மனிதர்களைச் சொல்லும்போது தமிழில் 'ஐ' கட்டாயம் வரும், ஆள் தெரிந்தவரோ தெரியாதவரோ. 'வழியில் ஒரு பையனைப் பார்த்தேன்' என்பதில் 'ஐ' இருக்கிறது. ஆங்கிலத்தில் 'அ பாய்' தான். அடுத்து, 'ஒரு' என்ற சொல்லோடு 'ஐ' சேர்ந்து வரலாம்: 'ஒரு படத்தைப் பார்த்தேன்'. அங்கே 'ஒரு' சொல்வதைக் கேளுங்கள், 'ஐ' சொல்வதை விட்டுவிடுங்கள். மூன்றாவது, சில வினைகள் 'ஐ' இல்லாமல் நிற்காது: 'பொய்யை வெறுக்கிறேன்', 'வாழ்க்கையை நேசி'. இவை பொதுக் கருத்துகள், ஆங்கிலத்தில் 'த' வராது.

'த' விட்டுப்போனால் புரியாமலா போய்விடும்? ஏன் இவ்வளவு கவலை?

பெரும்பாலும் புரிந்துவிடும். ஆனால் எல்லா நேரமும் அல்ல. செவிலியர் வகுப்பில் நான் தவறாமல் சொல்லும் எடுத்துக்காட்டு இது. பணி மாறும்போது அடுத்த செவிலியரிடம் நோயாளியைப் பற்றிச் சொல்கிறீர்கள்.

'த பேஷன்ட் ஹாஸ் டேக்கன் த டேப்லெட்ஸ்.' மருத்துவர் எழுதிக் கொடுத்த, நேரத்துக்குத் தர வேண்டிய மாத்திரைகளை நோயாளி சாப்பிட்டுவிட்டார். வேலை முடிந்தது.

'த பேஷன்ட் ஹாஸ் டேக்கன் டேப்லெட்ஸ்.' நோயாளி ஏதோ மாத்திரைகளைச் சாப்பிட்டிருக்கிறார். என்ன மாத்திரை, எத்தனை? கேட்பவர் பதறிப்போவார்.

தமிழிலும் அப்படித்தான்: 'மாத்திரையைச் சாப்பிட்டுட்டார்', 'மாத்திரை சாப்பிட்டிருக்கார்'. இரண்டாவதைக் கேட்டதும் நமக்கே கொஞ்சம் திக்கென்கிறது அல்லவா? வினையும் கூடவே மாறியிருக்கிறது, ஆனால் முதல் பயம் அந்த 'ஐ' இல்லாமல் போனதில்தான் தொடங்குகிறது.

முதல் தடவை 'அ', இரண்டாம் தடவை 'த' என்று படித்தோமே. சரிதானா?

பாதி சரி. 'ஐ பாட் அ பைக். த பைக் இஸ் ரெட்' என்பதில் அது பொருந்துகிறது. ஆனால் முதல் தடவையிலேயே 'த' வரும் இடங்கள் ஏராளம். கல்யாணத்துக்குப் போய்வந்த கதையைச் சொல்லுங்கள்: 'ஐ வென்ட் டு அ வெட்டிங். த ஃபுட் வாஸ் குட், பட் த ப்ரைட் லுக்ட் டயர்ட்.' சாப்பாட்டையும் மணப்பெண்ணையும் இதற்கு முன் நாம் சொல்லவே இல்லை. இருந்தும் 'த'. ஏன்? கல்யாணம் என்று சொன்னவுடனே சாப்பாடும் மணப்பெண்ணும் கூடவே வந்துவிட்டார்கள். பைக் என்றால் அதோடு இன்ஜின், சீட், சாவி. வீடு என்றால் கூரை, சமையலறை, வாசல். ஒரு முழுமையைச் சொல்லிவிட்டால் அதன் உறுப்புகளெல்லாம் கேட்பவருக்குத் தெரிந்தவையாகிவிடும்.

வாழ்க்கை, பணம், பால், குழந்தைகள் போன்ற சொற்களுக்கு 'த' உண்டா?

நான் திருத்தும் தாள்களில் அதிகம் சிவப்பு மை விழும் இடம் இதுதான். 'த லைஃப் இஸ் டிஃபிகல்ட்', 'த நேச்சர் இஸ் பியூட்டிஃபுல்', 'த ஆனஸ்டி இஸ் இம்பார்ட்டன்ட்'. மூன்றும் தவறு. பொதுவாக வாழ்க்கை, பொதுவாக இயற்கை, பொதுவாக நேர்மை என்றால் 'த' வேண்டாம்.

ஆனால் அதையே ஓர் எல்லைக்குள் கொண்டுவந்தால் 'த' வந்துவிடும். 'வாட்டர் இஸ் ப்ரெஷஸ்' என்பது உலகத்துத் தண்ணீர் எல்லாம். 'த வாட்டர் இன் திஸ் வெல் இஸ் ஸால்ட்டி' என்பது இந்தக் கிணற்றுத் தண்ணீர். 'சில்ட்ரன் லைக் ஸ்வீட்ஸ்' என்றால் குழந்தைகள் என்றாலே இனிப்பு பிடிக்கும். 'த சில்ட்ரன் ஆர் ஸ்லீப்பிங்' என்றால் நம் வீட்டுக் குழந்தைகள் தூங்குகிறார்கள், சத்தம் போடாதே.

ஒரு விலக்கையும் சொல்லிவிடுகிறேன். 'த டைகர் இஸ் ஆன் எண்டேஞ்சர்ட் அனிமல்' என்று ஒருமையில் சொன்னால் அது புலி இனம் முழுவதையும் குறிக்கும். அறிவியல் கட்டுரை, கலைக்களஞ்சியம் போன்ற இடங்களில் இந்த நடை வரும். பேச்சில் 'டைகர்ஸ்' என்று பன்மையில், 'த' இல்லாமல் சொன்னால் போதும்.

'மோஸ்ட் ஆஃப் த பீப்பிள்' சரியா?

எல்லாரையும் பொதுவாகச் சொன்னால் 'மோஸ்ட் பீப்பிள்'. 'மோஸ்ட் ஆஃப் த பீப்பிள்' என்று தொடங்கினால் எந்த மக்கள் என்று முடிக்க வேண்டும்: 'மோஸ்ட் ஆஃப் த பீப்பிள் இன் அவர் வில்லேஜ்'. 'மோஸ்ட் ஆஃப் பீப்பிள்' என்பது எங்குமே சரியல்ல.

'கோ டு ஸ்கூல்', 'கோ டு த ஸ்கூல்' இரண்டுமே கேட்கிறோம். எது சரி?

இரண்டும் சரி, போகிறவர் வேறு. பிள்ளை படிக்கப் போகிறது: 'டு ஸ்கூல்'. அப்பா கட்டணம் கட்டப் போகிறார்: 'டு த ஸ்கூல்'. முதலாவதில் பள்ளி என்பது கட்டடம் அல்ல, படிப்பு என்ற செயல். நாமும் 'பள்ளிக்கூடம் போகிறான்' என்று சொல்லும்போது படிக்கிறான் என்றுதானே பொருள் கொள்கிறோம்? சிறை, தேவாலயம், கல்லூரி, படுக்கை இவையும் அப்படியே. கைதி 'இன் ப்ரிஸன்' இருக்கிறார். அவரைப் பார்க்க வழக்கறிஞர் 'டு த ப்ரிஸன்' போகிறார்.

மருத்துவமனையில் நாட்டுக்கு நாடு வழக்கு மாறும். நோயாளியாகச் சேர்ந்திருப்பதை பிரிட்டிஷார் 'இன் ஹாஸ்பிட்டல்' என்பார்கள்; அமெரிக்கர்கள் 'இன் த ஹாஸ்பிட்டல்' என்பார்கள். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த வழக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ்?

'ஐ ஆம் கோயிங் டு ஆஃபீஸ்' என்பது இந்தியாவில் ஊன்றிவிட்ட வழக்கு. நம்மவர்களிடம் பேசும்போது யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 'டு தி ஆஃபீஸ்' அல்லது 'டு வொர்க்' என்றுதான் சொல்வார்கள். அங்கே 'இன் ஆஃபீஸ்' என்றால் 'பதவியில், ஆட்சியில்' என்று பொருள். 'மை ப்ரதர் இஸ் இன் ஆஃபீஸ்' என்று ஒரு வெளிநாட்டவரிடம் சொன்னால் உங்கள் அண்ணன் அமைச்சர் என்று நினைத்துக்கொள்ளலாம்.

எந்த வங்கி, எந்தக் கடை என்று எதிராளிக்குத் தெரியாதபோதும் 'த பேங்க்', 'த மார்க்கெட்' என்கிறார்களே?

நல்ல கேள்வி. 'கடைக்குப் போயிட்டு வரேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறோம். யாரும் எந்தக் கடை என்று கேட்பதில்லை. வழக்கமாகப் போகும் இடம் என்று புரிந்துகொள்கிறார்கள். 'த பேங்க்', 'த டாக்டர்', 'த டென்டிஸ்ட்', 'த போஸ்ட் ஆஃபீஸ்', 'த சினிமா' எல்லாம் இந்த வகை. ஊர் வாழ்க்கையின் நிலையான ஓர் அங்கம் என்ற எண்ணத்தில் 'த' வருகிறது. 'ஹோம்' மட்டும் எப்போதும் தனி: 'கோ ஹோம்', அவ்வளவுதான்.

ஊர், நாடு, ஆறு, மலைப் பெயர்களுக்கு எப்போது போடுவது?

இங்கேதான் பட்டியல் நீளும். மனப்பாடம் செய்வதற்குமுன் இரண்டு காரணங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதிச் சுமை குறையும்.

ஒன்று, பெயர் பன்மையாக இருந்தால் 'த'. தொட்டபெட்டா ஒரு சிகரம், 'த' இல்லை. அது நிற்கும் மலைத்தொடர் 'த நீல்கிரிஸ்'. மாவட்டத்தின் ஆங்கிலப் பெயரும் 'த நீல்கிரிஸ்' தான். எவரெஸ்டுக்கு 'த' இல்லை. 'த ஹிமாலயாஸ்' உண்டு. ஸ்ரீலங்கா தனித்தீவு, 'த' இல்லை. 'த மால்டீவ்ஸ்', 'தி அந்தமான்ஸ்', 'த ஃபிலிப்பீன்ஸ்' தீவுக்கூட்டங்கள்.

இரண்டு, பெயருக்குள் ஒரு பொதுச்சொல் தலையாக நின்றால், குறிப்பாக 'ஆஃப்' வந்தால், 'த'. இந்தியாவுக்கு 'த' இல்லை. 'த ரிபப்ளிக் ஆஃப் இந்தியா' என்றால் உண்டு. 'த யுனைட்டட் கிங்டம்', 'த யுனைட்டட் ஸ்டேட்ஸ்' இரண்டிலும் கிங்டம், ஸ்டேட்ஸ் என்ற பொதுச்சொற்கள் இருக்கின்றன. 1857இல் தொடங்கப்பட்ட நம் பழைய பல்கலைக்கழகத்தையே பாருங்கள்: 'த யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்', ஆனால் 'மெட்ராஸ் யுனிவர்சிட்டி'. இடம் ஒன்று, பெயரின் கட்டுமானம்தான் வேறு. அதே போல 'மெரினா பீச்', ஆனால் 'த மெரினா'.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு, கடல், வளைகுடா, நீரிணை, பாலைவனம் இவற்றுக்குப் பெரும்பாலும் 'த': 'த காவேரி', 'த வைகை', 'தி இண்டியன் ஓஷன்', 'த பே ஆஃப் பெங்கால்', 'த பாக் ஸ்ட்ரெய்ட்', 'த தார் டெஸர்ட்'. ஏரிக்குக் கிடையாது: 'செம்பரம்பாக்கம் லேக்', 'லேக் விக்டோரியா'. தெருவுக்கும் சாலைக்கும் பெரும்பாலும் கிடையாது: 'மவுண்ட் ரோட்', ஆனால் 'த கிராண்ட் டிரங்க் ரோட்'. ஊர்ப்பெயரோ ஆள் பெயரோ முன்னால் வரும் நிலையம், விமான நிலையம், பல்கலைக்கழகத்துக்குக் கிடையாது: 'எழும்பூர் ஸ்டேஷன்', 'சென்னை ஏர்போர்ட்', 'அண்ணா யுனிவர்சிட்டி'. கோயிலுக்கு உண்டு: 'த மீனாட்சி டெம்பிள்'. தாஜ் மகாலுக்கு உண்டு, பக்கிங்ஹாம் பேலஸுக்கு இல்லை. கடைசி இரண்டுக்கும் என்னிடம் காரணம் கேட்காதீர்கள், வழக்கு அப்படி. ரயிலுக்கும் கப்பலுக்கும் உண்டு: 'த பாண்டியன் எக்ஸ்பிரஸ்', 'த டைட்டானிக்'.

ஊர்ப் பெயரோடு 'த' வருவது அரிது. சர்வதேச நீதிமன்றம் இருக்கும் நெதர்லாந்து நகரம் 'த ஹேக்'. அதன் டச்சுப் பெயரான டென் ஹாக்கிலேயே அந்த மொழியின் 'த' ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலம் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. நாடுகளில் காம்பியா 'த காம்பியா' என்றே எழுதப்படும். அது ஓர் ஆற்றின் பெயரால் அமைந்த நாடு.

உக்ரைனுக்கு 'த' போடுவதா?

வேண்டாம். பழைய புத்தகங்களில் 'த யூக்ரேன்' என்று இருக்கும். 1991இல் அது தனி நாடானபின் 'த' உதிர்ந்துவிட்டது. அந்தப் பெயருக்கு எல்லைப்புறம் என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. 'த' சேர்த்தால் 'அந்த எல்லைப் பகுதி' என்று இன்னொரு நாட்டின் ஓரமாகத் தொனிக்கிறது. உக்ரைன் மக்களுக்கு அது வலிக்கிறது. ஒரு சின்னச் சொல்லுக்குள் நாட்டின் மானமே இருக்கும் என்பதற்கு இதைத்தான் வகுப்பில் காட்டுவேன்.

சுருக்கப் பெயர்களுக்கு?

எழுத்தெழுத்தாகச் சொன்னால் பொதுவாக 'த' உண்டு: 'த யு.என்.', 'தி ஆர்.பி.ஐ.', 'த பி.பி.சி.' ஒரே சொல்லாகச் சேர்த்துச் சொன்னால் இல்லை: 'நாசா', 'இஸ்ரோ', 'யுனெஸ்கோ'. நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் விலக்குகள் உண்டு: 'ஐ.பி.எம்.', 'ஐ.ஐ.டி. மெட்ராஸ்' இரண்டுக்கும் வேண்டாம்.

'அ', 'த' எதுவுமே இல்லாமல் ஒருமைச் சொல் நிற்கலாமா?

எண்ணக்கூடிய பொருளாக இருந்தால் கூடாது. 'ஐ ஹாவ் கார்', 'ஓபன் விண்டோ' என்று எழுதக் கூடாது. 'அ', 'த', 'மை', 'திஸ்' ஏதாவது ஒன்று முன்னால் நிற்க வேண்டும். ஒன்றுதான், இரண்டு கூடாது. 'தி இந்தியாஸ் ஃபர்ஸ்ட் மெட்ரோ' என்று விளம்பரங்களில்கூடப் பார்க்கிறேன். 'இந்தியாஸ் ஃபர்ஸ்ட் மெட்ரோ' போதும்.

இந்த விதிக்கு ஒரு புகழ்பெற்ற சாட்சி நிலாவில் இருக்கிறது. 1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது சொன்ன வாக்கியம், ஒலிப்பதிவில் 'ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன்' என்று கேட்கிறது. 'அ' இல்லாமல் 'மேன்' என்றால் மனித இனம். அப்படியானால் வாக்கியத்தின் இரண்டாம் பாதியில் வரும் 'மேன்கைண்ட்' என்பதும் அதுவே. சின்ன அடியும் மனித இனத்துக்கு, பெரிய பாய்ச்சலும் மனித இனத்துக்கு என்றாகிவிடும். 'அ மேன்' என்று சொல்லவே எண்ணினேன், சொல்லவும் செய்தேன் என்று நம்புகிறேன் என்பது ஆம்ஸ்ட்ராங்கின் தரப்பு. 'அ' இருந்தால் ஒரு தனி மனிதனின் சின்ன அடி என்று பொருள் பளிச்சென்று வந்துவிடுகிறது. அது 'த' பற்றிய கதை அல்லதான். ஆனால் ஒன்றும் போடாமல் விடுவதற்கும் ஒரு பொருள் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட என்னால் முடியாது.

பதவிப் பெயர்களுக்கு?

பெயரோடு சேர்ந்தால் வேண்டாம்: 'பிரெசிடென்ட் கலாம்'. தனியாக நின்றால் வேண்டும்: 'த பிரெசிடென்ட் கேம் டு அவர் காலேஜ்'. பதவிக்கு வந்ததைச் சொல்லும்போது விட்டுவிடலாம்: 'கலாம் பிகேம் பிரெசிடென்ட் இன் 2002'.

முதல், கடைசி, ஒரே, சிறந்த?

'த ஃபர்ஸ்ட்', 'த லாஸ்ட்', 'தி ஒன்லி', 'த பெஸ்ட்', 'த சேம்'. யோசிக்கவே வேண்டாம். 'சேம் டு சேம்' என்பதை எழுத்தில் கொண்டுவராதீர்கள்.

'நெக்ஸ்ட் வீக்' மட்டும் கவனிக்க வேண்டியது. இன்றிலிருந்து எண்ணினால் 'நெக்ஸ்ட் வீக்', நம்முடைய 'அடுத்த வாரம்'. கதையில் வரும் ஒரு நாளிலிருந்து எண்ணினால் 'த நெக்ஸ்ட் வீக்', நம்முடைய 'அதற்கு அடுத்த வாரம்'. தமிழில் 'அதற்கு' வந்தால் அங்கே 'த' வரும்.

'அ நம்பர் ஆஃப்', 'த நம்பர் ஆஃப்' குழப்புகிறதே?

'அ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்': பல மாணவர்கள் வரவில்லை, வினை பன்மை. 'த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ் இஸ் ஃபார்ட்டி': மாணவர்களின் எண்ணிக்கை நாற்பது, வினை ஒருமை. போட்டித் தேர்வுகளில் இது வராத ஆண்டு குறைவு.

இதைப் போலவே 'இன் ஃப்ரண்ட் ஆஃப் த பஸ்' என்றால் பஸ்ஸுக்கு வெளியே, முன்னால். 'இன் த ஃப்ரண்ட் ஆஃப் த பஸ்' என்றால் பஸ்ஸுக்குள்ளே, முன்பகுதியில். சாலையில் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

வீணை வாசிப்பது, கிரிக்கெட் ஆடுவது?

'ப்ளே த வீணா', 'ப்ளே கிரிக்கெட்'. கருவிக்கு உண்டு, விளையாட்டுக்கு இல்லை. சாப்பாட்டு வேளைகளுக்கும் இல்லை: 'ஹாவ் லஞ்ச்'. மொழிக்கு இல்லை: 'ஸ்பீக் டமில்', 'லாங்குவேஜ்' சேர்ந்தால் உண்டு: 'த டமில் லாங்குவேஜ்'.

'த' என்பதா, 'தி' என்பதா? உச்சரிப்பு எப்படி?

அடுத்த சொல்லின் ஒலியைப் பாருங்கள், எழுத்தை அல்ல. மெய்யொலி முன் 'த', உயிரொலி முன் 'தி'. 'த புக்', 'தி ஆப்பிள்'. 'யுனிவர்சிட்டி' ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்கினாலும் காதில் 'யு' என்று கேட்கிறது. ஆகவே 'த யுனிவர்சிட்டி'. 'அவர்' என்ற மணிநேரச் சொல் மெய்யெழுத்தில் தொடங்கினாலும் அது ஒலிப்பதில்லை. ஆகவே 'தி அவர்'. நம் 'ஒரு வீடு', 'ஓர் ஊர்' இலக்கணத்தைப் போன்றதே இது.

ஒலியைப் பற்றி இன்னொன்று. 'தம்பி' என்பதில் வரும் அழுத்தமான த அல்ல இது. 'அது', 'கதை' என்று சொல்லிப்பாருங்கள். நடுவில் வரும் அந்த மெல்லிய ஒலி, நாக்கு பல்லை உரசிச் செல்கிறதே, அதற்கு மிக நெருக்கமானது ஆங்கில 'த'. உலகத்தில் பலரும் வருந்திப் பழகும் ஓர் ஒலி நம் வாயில் பிறப்பிலேயே இருக்கிறது. சொல்லின் தொடக்கத்துக்கு அதை நகர்த்திக்கொண்டால் போதும்.

செய்தித்தாள் தலைப்புகளில் 'த' காணோமே?

இடம் மிச்சம் பிடிக்க விட்டுவிடுவார்கள். மருந்துப் புட்டி, சமையல் குறிப்பு, அறிவிப்புப் பலகை ஆகியவற்றிலும் அப்படியே. தலைப்பைப் பார்த்து 'த' பழகாதீர்கள். கீழே உள்ள செய்தியைப் பாருங்கள்.

ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது 'த' வரும் இடமெல்லாம் 'அந்த' போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். 'அந்தக் கதவைத் திறந்து அந்த அறைக்குள் போனான்' என்று வரும் மொழிபெயர்ப்புகளைப் படிக்கும்போது மனம் வலிக்கிறது. 'த' என்பது பழைய ஆங்கிலத்தில் 'அந்த' போன்ற ஒரு சுட்டுச்சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் சுட்டும் விரல் எப்போதோ மடங்கிவிட்டது. 'த சன்' என்பதை 'அந்தச் சூரியன்' என்று எழுதினால், வேறொரு சூரியனும் இருப்பது போலாகிவிடும். 'கதவைத் திறந்து அறைக்குள் போனான்' என்று எழுதுங்கள். 'த' செய்யும் வேலையை 'ஐ' செய்துவிடும். நிஜமாகவே சுட்ட வேண்டிய இடத்தில் மட்டும் 'அந்த' வரட்டும்.

எப்படிப் பழகுவது?

தினம் நான்கு வரி தமிழில் எழுதி, அதை ஆங்கிலமாக்கி, ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நின்று 'எது என்று படிப்பவருக்குத் தெரியுமா?' என்று கேளுங்கள். ஒன்றை நாமே செய்து பார்ப்போம்.

"நேற்று எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டி உடைந்துவிட்டது. தண்ணீர் தெருவெல்லாம் ஓடியது. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். வீட்டுக்காரர் பிளம்பரைக் கூப்பிட்டார்."

'எஸ்டர்டே அ வாட்டர் டேங்க் பர்ஸ்ட் இன் அ ஹௌஸ் ஆன் அவர் ஸ்ட்ரீட். த வாட்டர் ரான் ஆல் டவுன் த ஸ்ட்ரீட். த சில்ட்ரன் வேர் டிலைட்டட். தி ஓனர் கால்ட் அ ப்ளம்பர்.'

தொட்டியும் வீடும் புதிதாக வருகின்றன, ஆகவே 'அ'. தண்ணீரை முன்பு சொல்லவில்லை, ஆனால் உடைந்த தொட்டியிலிருந்து வந்தது என்று தெரிகிறது, ஆகவே 'த'. தெருவை முன்பே சொல்லிவிட்டோம். குழந்தைகள் எங்கள் தெருக் குழந்தைகள். 'த' இல்லாவிட்டால் உலகக் குழந்தைகளெல்லாம் மகிழ்ந்தார்கள் என்றாகிவிடும். வீட்டுக்காரர் அந்த வீட்டோடு வருபவர். பிளம்பரில்தான் நிற்க வேண்டும்: தமிழில் 'ஐ' இருக்கிறது, ஆனால் மனிதர் என்பதால் அது சாட்சி சொல்லாது. யாரோ ஒரு பிளம்பர் என்றால் 'அ'. அந்தத் தெருவுக்கெல்லாம் வழக்கமாக வரும் ஒரே பிளம்பர், படிப்பவருக்கும் அவரைத் தெரியும் என்றால் 'த ப்ளம்பர்'. எது என்று அந்தத் தெருவில் குடியிருக்கும் நீங்கள்தான் சொல்ல முடியும்.